முனீஸ்வரருக்கு நேர்ந்த சைக்கிள்

நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வேண்டிக்கொள்வது ஒருவர், மொட்டை போட்டுக்கொள்வது இன்னொருவர். என் அண்ணன் பள்ளிக்கூடத்துக் கடைசி எஸ்.பி.எம். தேர்வில் தேறினால் சித்தப்பா அலகு குத்திக்கொள்வார் என்று வேண்டிக்கொண்டது என் அம்மா. சித்தப்பாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணன் தேறிய பிறகு, தைப்பூசம் நெருங்குகிற நேரத்தில் தகவல் சொன்னார்கள், அவ்வளவுதான். தன் அண்ணி வேண்டிக்கொண்டுவிட்டார், இனி என்ன செய்வது என்று அவரும் விரதமிருந்து போய்க் குத்திக்கொண்டு வந்தார். இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவன், என் மனைவி என் சைக்கிளை முனீஸ்வரருக்கு நேர்ந்துவிட்டாள் என்று கேட்டதும் திகைத்து நின்றிருக்கக் கூடாது. ஆனால் நின்றேன். கையில் காற்றடிக்கும் பம்பு வேறு.

டெங்கிக் காய்ச்சலிலிருந்து நான் எழுந்து வந்த சமயம் அது. ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் கிடந்தேன் என்பதை அவளைத்தான் கேட்க வேண்டும். அதில் பாதி நாட்கள் என் கணக்கிலேயே இல்லை. ரத்தத்தில் பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது, சுற்றி நின்றவர்களின் முகமும் அதோடு இறங்கியது என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவிருப்பது வீட்டுக்கு வந்த பிறகு குடித்த கஞ்சியும், படுத்தபடியே ஜன்னல் வழியாகப் பார்த்த மலையும்தான். எங்கள் வீடு ஜொகூர் மாநிலத்தில், தங்காக் ஊரில் இருக்கிறது. வானம் தெளிந்த நாளில் லேடாங் மலை ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கும். கால்கள் வாழைத்தண்டு போல் துவண்டு கிடக்க, நான் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். அங்கே போகும் வழிகளை ஒவ்வொன்றாக மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொள்வேன். அதுதான் எனக்கு மருந்து என்று நினைத்தேன்.

மெதுவாக ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லி, முதல் விடுமுறை நாள் வந்தது. கார் நிறுத்தும் இடத்தில் சைக்கிளைச் சாய்த்து வைத்து டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். அவள் கோப்பியோடு வந்து நின்றாள்.

"அத ஓட்டாதீங்க."

"டாக்டரே ஓட்டலாம்னு சொல்லிட்டாருலா."

"ஒடம்புக்காகச் சொல்லல. அது இப்ப நம்மளது இல்ல. நீங்க ஆஸ்பத்திரில கெடக்கையில, முனீஸ்வரருக்குக் குடுத்துடறேன்னு வேண்டிக்கிட்டேன்."

"எத?"

"சைக்கிளத்தான்."

எந்த முனீஸ்வரர் என்று கேட்டேன். ஜொகூரில் முனீஸ்வரருக்குப் பஞ்சம் இல்லை. தோட்டத்துக்கு ஒருவர், சில தோட்டங்களில் இருவர். மலையடியில், ரோடு இரண்டாகப் பிரிகிற இடத்தில் இருப்பவர் என்றாள். எனக்கு அவரை நன்றாகத் தெரியும். வாரா வாரம் அவர் முன்னால்தான் தண்ணீர் குடிக்க நிற்பேன். ஆனால் அவள் அந்தப் பக்கம் ஒருநாளும் வந்தவள் அல்ல. சாமி விஷயத்தில் அவள் வெள்ளிக்கிழமை விளக்கோடு சரி. லாட்டரிக்கு நாலு நம்பர் கேட்டு முனீஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற ரகம். சாஆவில் இருக்கும் அவள் தம்பி ஏதாவது சொல்லிக் கொடுத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒரு கோழி குடுக்கறேன்னு சொல்லியிருக்கலாம்ல? சுருட்டு, சாராயம்? இல்லாட்டி உன்னோட சங்கிலி?"

"அந்த நேரத்துல அதான் வாயில வந்துச்சு," என்றாள். கோப்பியை என் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தச் சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூவாரில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் எனக்கு வேலை. மேசையும் நாற்காலியும் பாலிஷ் முடிந்து அட்டைப்பெட்டிக்குள் போவதற்கு முன் கடைசியாகத் தடவிப் பார்ப்பவன் நான். கண்ணுக்குத் தப்பும் மேடு பள்ளம் உள்ளங்கைக்குத் தப்பாது. இந்தப் புத்தி வேலையோடு நிற்பதில்லை. கல்யாண வீட்டில் சாப்பாட்டு மேசையைத் தடவுவேன், அவள் முழங்கையால் இடிப்பாள். ஜொகூர் பாருவில் ஒருவர், தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வந்தவர், குடும்பத்தோடு வெளிநாடு போகும்போது இந்தச் சைக்கிளைக் கொடுத்துவிட்டுப் போனார். இரும்புச் சட்டம். பெயின்ட் உரிந்து, பார்க்கப் பரிதாபமாக இருந்தது. அதைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மெல்லிய பூச்சாகப் பல தடவை அடித்து, ஒவ்வொரு தடவையும் தேய்த்து, பாசிப்பச்சை நிறத்துக்குக் கொண்டுவந்தேன். தடவிப் பார்த்தால் ஒரு மணல் அளவுகூட உறுத்தாது. எனக்கு அதன் மேல் ஆசை. சொல்ல வெட்கம் ஒன்றும் இல்லை. வேலை இடத்தில் நான் தேய்த்தவை எல்லாம் யார் யார் வீட்டுக்கோ போய்விடுகின்றன, இது ஒன்றுதான் என்னிடம் தங்கியது.

அதைக் கொண்டுபோய்த் தோட்டத்துக் கோயிலில் வெயிலிலும் மழையிலும் நிறுத்துவதா? இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் அதைக் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை. சாம்பாரில் உப்புக்கூடக் குறையவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

சாஆவிலிருந்து மச்சான் வந்தான். விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். நேர்ந்துவிட்ட கிடா தெரியும், நேர்ந்துவிட்ட சைக்கிளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றான். சிரித்து முடித்துவிட்டு ஒரு யோசனையும் சொன்னான். தன் மகன் வளர்ந்துவிட்டான், அவனுடைய சின்னச் சைக்கிள் வீட்டுப் பின்னால் துருப்பிடித்துக் கிடக்கிறது, அதற்கு மஞ்சள் பூசிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம், சைக்கிள் என்றுதானே வேண்டுதல், எந்தச் சைக்கிள் என்று சாமி எழுதி வாங்கவில்லையே என்றான். எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சாமிக்குக் கண்ணு தெரியாதா? ஒனக்கு ஒண்ணு ஆனா, ஒன் பொண்டாட்டியும் இப்பிடித்தான் துருப்புடிச்சதக் குடுக்கணுமா?"

மச்சான் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அவள் வறுத்து வைத்த மீயைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டான். தீர்ந்தது, சைக்கிள் போகப்போகிறது என்பது அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்று மட்டும் கேட்டேன். அதைக் காரில் ஏற்றிக்கொண்டு போக மாட்டேன், கடைசியாக ஒரு தடவை நானே ஓட்டிக்கொண்டு போய்க் கொடுப்பேன் என்றேன்.

"ஓட்டுங்க. நான் பின்னாலயே காடிய ஓட்டிக்கிட்டு வரேன்."

இப்படித்தான் நான் ஒரு விடியற்காலையில் மாலையும் தேங்காயும் பழத்தட்டும் ஏற்றிய காரைப் பின்னால் வைத்துக்கொண்டு, கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை போவது போல் சைக்கிளில் கிளம்பினேன்.

எங்கள் பக்கத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கும்பலாக, ஒரே நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு, சிகாமட்டுக்குப் போகும் பெரிய ரோட்டில் லோரிகளோடு மல்லுக்கட்டுவார்கள். கையில் கட்டிய கடிகாரத்தில் வேகம், தூரம், நெஞ்சுத் துடிப்பு எல்லாம் வரும். போய்விட்டு வந்து அதையே பேசுவார்கள். வழியில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் முன்னால் போனவரின் முதுகு என்று சொல்லிச் சிரிப்பார்கள். நானும் கொஞ்ச நாள் அவர்களோடு போனேன். நல்ல மனிதர்கள்தான். ஆனால் நான் ரோட்டைப் பார்க்கப் போகிறவன். மலையைச் சுற்றி எத்தனை சின்ன வழிகள் இருக்கின்றன என்பது பெரிய ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியாது. சாஆ பக்கமும் தோட்டத்து ரோடுகள் உண்டு. அங்கே கோடு போட்ட மாதிரி நேராக, இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை, அரைமணி நேரம் ஓட்டினாலும் நின்ற இடத்திலேயே நிற்பது போல் இருக்கும். மலையடியில் அப்படி இல்லை. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு குணம் இருக்கும்.

பெரிய ரோட்டை விட்டு, சாகில் ஊருக்குப் போவதற்கு முன்னாலேயே ஒரு கம்பத்து ரோட்டில், மலாய்க் கிராமத்துக்குள் போகும் ரோட்டில், திரும்ப வேண்டும். திரும்பியதும் சத்தம் நின்றுவிடும். யாரோ கதவைச் சாத்தியது போல் இருக்கும். மலாய்க்காரர்களின் மரவீடுகள், கூட்டிப் பெருக்கிய வாசல்கள், ரம்புத்தான் மரத்தடியில் படுத்திருக்கும் பூனைகள். டுரியான் காலத்தில் இந்த ரோட்டுக்கே அதன் வாசம் ஏறிவிடும். அன்றைக்கு ஒரு வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மலாய்க்கார அம்மா, மக்சிக் என்றுதான் கூப்பிடுவேன், வழக்கம்போல் எனக்குக் கையாட்டினார். பிறகு என் பின்னால் ஊர்ந்துவரும் காரையும், அதன் முன்கண்ணாடிக்குள் தெரிந்த மாலையையும் பார்த்துவிட்டு, ஆட்டிய கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

கம்பம் முடிகிற இடத்தில் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. கீழே மலையிலிருந்து வரும் தண்ணீர். அடியில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் தெரியும். விடுமுறை நாட்களில் நீர்வீழ்ச்சிக்கு வருகிறவர்கள் மேலே பொட்டலங்களையும் பாட்டையும் கொண்டுவந்து கொட்டினாலும், இந்த ஓடை எப்படியோ தன்னைத் தானே கழுவிக்கொண்டுதான் இங்கே வந்து சேர்கிறது. பாலத்தைத் தாண்டியதும் தோட்டம். தார் போட்ட ரோடுதான், ஆனால் ஒரு லோரி வந்தால் நாம் புல்லில் இறங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் வெட்டி அடுக்கிய மட்டைகள். இரவு மழை பெய்திருந்ததால் மண்ணிலிருந்து புளித்த வாசம் வந்தது. எனக்கு அது பிடிக்கும். அவளுக்குப் பிடிக்காது என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். கார்க் கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டிருந்தாள்.

செம்பனை முடிந்து பழைய பால்மரக் காடு, ரப்பர் காடு, வரும்போது ஏற்றம் தொடங்கும். நான் இந்த இடத்தை எப்படிச் சொல்வேன்? வருஷக்கணக்கில் மரத்தைத் தடவிப் பிழைக்கிறவன், எனக்குத் தெரிந்த நல்ல பரப்பு இந்த ரோடுதான். பெரிய லோரிகள் ஏறாததால் தார் இன்னும் குலையவில்லை. மரங்கள் இரண்டு பக்கமும் சாய்ந்து கூடாரம் கட்டியிருக்கும், வெயில் துண்டு துண்டாகத்தான் விழும். டயர் தரையில் ஓடும் சத்தம், சங்கிலியின் சத்தம், மூச்சு. இவ்வளவுதான் காதில் விழும். திடீரென்று மலைப்பக்கம் ஊங்காக் குரங்கு ஒன்று கூவத் தொடங்கும். ஒன்று கூவினால் இன்னொன்று பதில் சொல்லும், பிறகு காடு முழுக்கப் பிடித்துக்கொள்ளும். அதைக் கேட்டுக்கொண்டு ஏறுகிறவனுக்குக் கால் வலி தெரியாது. எத்தனை தடவை போனாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும். இந்த ரோட்டைப் போட்டவர் யாரோ, மலையை வெட்டாமல் மலை சொன்ன வழியே போட்டிருக்கிறார். வளைகிற இடத்தில் வளைந்து, மூச்சு வாங்குகிற இடத்தில் கொஞ்சம் சமதளம் கொடுத்து, மறுபடி ஏறுகிறது. அவர் கையைப் பிடித்துக் கும்பிட வேண்டும் போல் இருக்கும்.

காய்ச்சலில் கிடந்த உடம்பு அன்றைக்கு நன்றாகவே ஏறியது. மெதுவாகத்தான். முன்பு பேசிக்கொண்டே ஏறிய இடத்தில் வாயைத் திறந்துகொண்டு ஏறினேன். இரண்டு இருவாச்சிகள் தலைக்கு மேல் பறந்து போயின. அந்தப் பறவையின் இறக்கைச் சத்தம் கேட்டவர்களுக்குத் தெரியும், யாரோ பெரிய முறத்தை வீசிக்கொண்டு போவது போல் இருக்கும். பின்னால் கார் நின்றது. அவள் கதவைத் திறந்து வெளியே வந்து, கழுத்தை வளைத்து மேலே பார்த்துக்கொண்டு நின்றாள். பறவை போன பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த ரோட்டை அவளுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. அவளும் கேட்டதில்லை. சைக்கிள் ஓட்டிவிட்டு வந்தால் சட்டையைத் தனியாகப் போடுங்கள் என்பதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும். அவள் முகத்தைப் பார்த்தபோது, கோபம் எல்லாம் போய், ஒரு மாதிரி பெருமையாக இருந்தது. என் வீட்டை விருந்தாளிக்குக் காட்டுகிற பெருமை.

ரோடு பிரிகிற இடத்துக்கு வந்து சேர்ந்தோம். வலது பக்கம் போனால் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடி கீழே இறங்கிவிடும். இடது பக்கம் மலைப் பூங்காவின் காட்டுக்குள் ஏறும். நடுவில் ஒரு பெரிய மரம், அதன் அடியில் தகரக்கூரை போட்ட மேடை, அதில் முறுக்கிய மீசையோடு முனீஸ்வரர். பக்கத்தில் அவருடைய மண்குதிரை. பூசாரி தோட்டத்தில் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். பூசைக்கு ஆள் வந்தால் சட்டையைக் கழற்றித் துண்டைக் கட்டிக்கொள்வார். முதல் நாளே தொலைபேசியில் சொல்லியிருந்ததால் கூட்டிப் பெருக்கிக் கோலமும் போட்டு வைத்திருந்தார்.

சைக்கிளைப் பார்த்ததும் அவர் சுற்றிச் சுற்றி வந்தார். "ஐயாவுக்கு இருக்கறது மண்ணுக்குதிரைதான். இது பரவால்ல, ஓடும்," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

சைக்கிளை மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தி, பூசாரி கொண்டுவந்து வைத்திருந்த ஓடைத் தண்ணீரில் கழுவினேன். பிடிக்கு அவள் மாலை போட்டாள். உட்காரும் இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தார் பூசாரி. நான் அத்தனை தடவை தேய்த்த சட்டத்தில் மஞ்சள் விரல் தடம் விழுந்தபோது துடைக்கத் துணி தேடி என் கை சட்டைப்பைக்குப் போனது. தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, எல்லாம் முடிந்த பிறகு பூசாரி என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. புள்ளைங்களக் கோயிலுக்குக் குடுத்துட்டு, தவிட்டுக்குத் திரும்ப வாங்கிட்டுப் போறதில்ல? அதே மாதிரி செஞ்சிரலாம். கோழிக்குப் போடற தவிடு வீட்டுல இருக்கு. ஒரு படி போட்டு வாங்கிக்குங்க. வேண்டுதலும் தீந்துரும், சைக்கிளும் ஒங்க கையில. ஐயா கோவிச்சுக்க மாட்டாரு. இங்க இருந்தா மழையில வீணாத்தான் போவும்."

எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. நூறு தடவை பார்த்த வழக்கம், எப்படி எனக்குத் தோன்றாமல் போனது? நோஞ்சானாகப் பிறந்த பிள்ளையைச் சாமிக்குக் கொடுப்பார்கள், பிறகு தவிட்டை அளந்து போட்டு வாங்கிக்கொள்வார்கள். கொடுத்த மாதிரியும் ஆயிற்று, கொண்டுபோன மாதிரியும் ஆயிற்று. முறையான வழி, குறுக்கு வழி என்று யாரும் சொல்ல முடியாது. நான் அவளைப் பார்த்தேன்.

அவள் தேங்காய் மூடிகளைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"வேணாங்க," என்றாள் பூசாரியிடம், மரியாதையாக. "புள்ளைய அது நம்மகிட்டத் திரும்பி வரணும்னுதான் குடுக்கறது. இத நான் திரும்பி வரக் கூடாதுன்னு குடுத்தேன்."

பூசாரி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அப்போது எனக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் அல்ல. சைக்கிளே எனக்கு இருக்கக் கூடாது என்பதுதான் அவள் எண்ணம், காய்ச்சலைச் சாக்காக வைத்துச் சாதித்துக்கொண்டாள் என்று முடிவு கட்டிவிட்டேன். பூசாரி ஒரு சங்கிலியைக் கொண்டுவந்து சைக்கிளை மரத்தோடு பூட்டினார். சாவியை முனீஸ்வரரின் காலடியில் வைத்தார். நான் கும்பிட்டேனா என்று நினைவில்லை. போய்க் காரில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவள் பூசாரிக்கு நன்றி சொல்லிவிட்டு வந்து வண்டியைக் கிளப்பினாள். ஆனால் கியர் போடவில்லை. முன்கண்ணாடி வழியாக இடது பக்க ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நேராகப் போய், மரங்களுக்குள் நுழைந்து மறைந்துவிடும். மேலே பனி இன்னும் விலகவில்லை.

"அந்த நாய் இன்னும் இருக்கா?" என்றாள்.

"எந்த நாய்?"

"அதான், மேல இரும்புக் கேட்டுகிட்ட. ஒத்தக் காது நாய்."

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். இடது ரோட்டில் வெகுதூரம் ஏறினால் ஒரு இரும்புக் கேட் வரும். அங்கே ஒரு கிழட்டு நாய் படுத்திருக்கும், ஒரு காது இல்லாதது. அதற்காக வீட்டு பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும் அளவுக்கு அது ஒரு விஷயமும் இல்லை. அந்த வழியில் நான் வேறு யாரோடும் போனதும் இல்லை.

"ஒனக்கு யாரு சொன்னா?"

"நீங்கதான்."

"எப்ப?"

"வார்டுல." அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "கண்ணு தொறந்துதான் இருந்துச்சு, ஆனா என்னைத் தெரியல. நான் கூப்புட்டா திரும்பல. சைக்கிள் ஓட்டிக்கிட்டு இருந்தீங்க. பாலம் தாண்டியாச்சும்பீங்க. லோரி வருது, ஓரமாப் போம்பீங்க. ரப்பர் காடு வந்துருச்சும்பீங்க. முனீஸ்வரர் கோயில், இங்க தண்ணி குடிச்சிட்டு இடது பக்கம்பீங்க. போர்வைக்குள்ள காலு ரெண்டும் மிதிச்சுக்கிட்டே இருந்துச்சு. நானும் கூடவே வந்தேன். இப்பத் திரும்பிடுவாரு, இப்பத் திரும்பிடுவாருன்னு உக்காந்திருந்தேன். நாய்க்கு பிஸ்கட் போட்டீங்க. கேட்டத் தாண்டிட்டேன்னீங்க. அதுக்கு மேலயும் ஏறிக்கிட்டே இருந்தீங்க. மரம் பெரிசாருக்கு, பனி கொட்டுது, காலு வலிக்கவே இல்லன்னு சொல்லிச் சிரிக்கிறீங்க. நர்ஸ் வந்து பாத்துட்டு டாக்டரக் கூப்புட ஓடுனாங்க. எனக்கு வேற யாரத் தெரியும்? நீங்க வழியில சொன்ன சாமிகிட்டத்தான் சொன்னேன். அந்தச் சைக்கிளப் புடுங்கிக்கோ. சைக்கிள் இல்லாட்டி மனுஷன் எறங்கி வீட்டுக்கு நடந்து வந்துதானே ஆவணும்."

பூசாரி கோலத்தின் மேல் விழுந்த இலைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"வேற சைக்கிள் வாங்கிக்குங்க. ஓட்ட வேணாம்னு நானா சொன்னேன்? இது மட்டும் வேணாம்."

நான் அவளிடம் ஒன்று சொல்லவில்லை, இன்றுவரை சொன்னதில்லை. அந்தக் கேட்டோடு ரோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் வெறும் காடு. நான் அந்தக் கேட்டைத் தாண்டி ஒருநாளும் போனதில்லை.

"வீட்டுக்குப் போலாம்," என்றேன். அவள் கியரைப் போட்டு, வண்டியை இறக்கத்தில் விட்டாள்.